சாரணர் காடுகள் ஏன் விலைக்கு வருகின்றன?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கில்லிங்வொர்த் என்று ஒரு சிற்றூர். அங்கே டீர் லேக் என்ற சாரணர் முகாம் இருக்கிறது. ஓர் ஏரி, அதைச் சுற்றிக் காடு, எல்லாம் சேர்த்துச் சுமார் 255 ஏக்கர். 2021-22இல் அந்த இடத்தை விற்பதென்று உரிமையாளரான வட்டாரச் சாரணர் கவுன்சில் முடிவெடுத்தது. காடுகளை வாங்கிக் காப்பாற்றுவதையே வேலையாகக் கொண்ட டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட் என்ற அமைப்பு 24 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. ஒரு ரியல் எஸ்டேட் முதலீட்டு நிறுவனம் 46 லட்சம் என்றது. கவுன்சில் பெரிய தொகையைத் தேர்ந்தெடுத்தது.

ஊர் சும்மா இருக்கவில்லை. மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலும் செனட்டர் ரிச்சர்ட் புளூமென்தாலும் தலையிடும் அளவுக்கு விஷயம் பெரிதானது. கடைசியில் பாத்ஃபைண்டர்ஸ் என்ற உள்ளூர்த் தொண்டு அமைப்பு அந்த முகாமை வாங்கியது. கொடுத்த விலை 47.5 லட்சம். காட்டைக் காடாகவே வைத்திருப்பதற்கு, மனை போடக்கூடியவர் சொன்னதைவிட அதிகமாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

இந்த மாதிரிச் செய்திகள் இருபது ஆண்டுகளாக வந்துகொண்டே இருக்கின்றன. ஆண் சாரணர், பெண் சாரணர், சில இடங்களில் வேறு இளைஞர் அமைப்புகள் என்று பெயர்தான் மாறுகிறது. செய்தியைப் படிப்பவர்கள் பெரும்பாலும் ‘பேராசை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பேராசையும் அங்கங்கே உண்டுதான். ஆனால் இந்த விற்பனைகளை நடத்துவது பெரும்பாலும் பேராசையைவிடச் சாதாரணமான ஒன்று: அந்த நிலம் யார் பெயரில், என்ன ஷரத்தோடு, என்ன மதிப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்பது. எந்தக் காடு தப்பியது, எது தப்பவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால், கண்ணீரும் கையெழுத்து இயக்கமும் முடிவைத் தீர்மானித்த இடங்கள் குறைவு. பத்திரமும், எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று சொல்லும் மண்டல விதியும், கையில் இருந்த பணமும்தான் தீர்மானித்திருக்கின்றன.

முகாம் யாருடையது?

அமெரிக்கச் சாரணர் இயக்கம் 1910இல் தொடங்கியது. பெண் சாரணர் இயக்கம் அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. அப்போதிருந்து 1950கள் வரை நாடு முழுக்க முகாம் நிலங்கள் சேர்ந்தன. பணக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்தது, ரோட்டரி போன்ற சங்கங்கள் வசூல் செய்து வாங்கிக் கொடுத்தது, பிள்ளைகள் குக்கீஸ் விற்ற பணத்தில் வாங்கியது என்று வழிகள் பல. அன்று அவை நகரத்திலிருந்து ரயிலிலோ லாரியிலோ அரைநாள் போக வேண்டிய தூரத்தில் கிடந்த, பெரிய விலை இல்லாத நிலங்கள். மலைச்சரிவு, சதுப்பு, ஏரிக்கரை. விவசாயத்துக்கு ஆகாது என்பதாலேயே மலிவாகக் கிடைத்தவை நிறைய. பிறகு நெடுஞ்சாலை வந்தது, புறநகர் வந்தது. ஏரிக்கரை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு ஏக்கரின் விலை எங்கோ போய்விட்டது.

பல பெற்றோருக்கே தெரியாத விஷயம், இந்த நிலம் பெரும்பாலும் தேசிய அமைப்பின் பெயரில் இல்லை என்பது. 2020இல் தேசிய அமைப்பு திவால் மனு கொடுத்த சமயத்தில் ஆண் சாரணர் அமைப்பில் சுமார் 250 வட்டாரக் கவுன்சில்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதிவு செய்யப்பட்ட லாபநோக்கற்ற நிறுவனம். முகாம்கள் அவற்றின் சொத்து. பிள்ளைகள் சேரும் குழுவோ ஒரு தேவாலயத்தையோ சங்கத்தையோ சார்ந்தது. ‘நம்ம முகாம்’ என்று மூன்று தலைமுறையாக ஒரு குடும்பம் சொல்லிக்கொண்டிருக்கலாம். கோடைதோறும் போய்ப் பாலம் கட்டிக் கொடுத்து, கூரைக்குப் பெயின்ட் அடித்துவிட்டு வந்திருக்கலாம். விற்பதா வேண்டாமா என்ற கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது.

அந்தக் கூட்டத்தில் இருப்பது கவுன்சிலின் நிர்வாகக் குழு. வங்கி அதிகாரி, வழக்கறிஞர், உள்ளூர்த் தொழிலதிபர் என்று சம்பளம் வாங்காமல் சேவையாக வருபவர்கள். சட்டப்படி அவர்களுடைய கடமை அமைப்பின் நோக்கத்துக்கு, அதாவது பிள்ளைகளுக்கான சாரணர் பயிற்சிக்கு. காட்டுக்கு அல்ல. காடு அந்த நோக்கத்துக்கு ஒரு கருவி, அவ்வளவுதான். பத்திரத்தில் தடை எதுவும் இல்லாத நிலத்துக்கு ஒருவர் 24 லட்சமும் இன்னொருவர் 46 லட்சமும் தருகிறேன் என்றால், குறைந்த தொகையை எடுத்ததற்குக் காரணம் சொல்லவேண்டியவர்கள் அவர்கள்தான். அவர்களை வில்லன்களாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ‘எங்களுக்கு வேறு வழியே இல்லை’ என்று அவர்கள் சொல்லும்போதும் நான் உடனே தலையாட்டுவதில்லை. ஏன் என்பது கொஞ்சம் கீழே வருகிறது.

கணக்கு எங்கே உடைகிறது

ஒரு கோடை முகாம் ஆண்டில் ஆறேழு வாரம் முழுவீச்சில் ஓடும். மீதி நாட்களில் சனி, ஞாயிறுகளில் சில குழுக்கள் கூடாரம் போட வரும். செலவு மட்டும் பன்னிரண்டு மாதமும். இடத்தைப் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்கும் காப்பாளர் வேண்டும். குடிநீர்க் குழாய், கழிவுநீர்த் தொட்டி, உணவுக்கூடத்தின் கூரை, உள்சாலை, காப்பீடு. இவற்றோடு அணை. முகாம் ஏரிகளில் நிறையவும் 1920களிலும் 30களிலும் ஓடையை மறித்துக் கட்டியவை. அணைப் பாதுகாப்பு அதிகாரி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, இதைச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் தண்ணீரைத் திறந்துவிடுங்கள் என்று எழுதினால், அந்த ஒரு கடிதத்திலேயே ஒரு சிறிய கவுன்சிலின் சேமிப்பு கரைந்துபோகும்.

செலவு ஏறும்போது பிள்ளைகள் குறைந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் ஆண் சாரணர் அமைப்பில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் இருந்தார்கள். இன்று சுமார் 10 லட்சம். நடுவே 2019 முடிவில் மார்மன் திருச்சபை நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட தன் பிள்ளைகளோடு ஒரேயடியாக வெளியேறியது. பெண் சாரணர் அமைப்பு 2000களின் பிற்பகுதியில் தன்னிடமிருந்த 300க்கும் மேற்பட்ட கவுன்சில்களைச் சுமார் 110ஆகச் சுருக்கியது. இணைப்பு நடந்தவுடன் ஒரே கவுன்சிலின் கையில் ஆறேழு முகாம்கள் வந்து சேர்ந்தன. மிச்சிகனின் கீழ்த் தீபகற்பத்தில் 2012இல் ஆண் சாரணர் கவுன்சில்கள் ஒன்றானபோதும் இதுதான் நடந்தது. ஒரே மாதிரி மூன்று முகாம்கள் பாதி காலியாக ஓடுவதைவிட ஒன்று நன்றாக ஓடட்டும் என்ற வாதம் தவறானதில்லை. சில இடங்களில் அதுதான் சரியான முடிவும்கூட.

சிக்கல் அந்த முடிவுக்குப் போகும் வழியில் இருக்கிறது. ஒரு முகாமுக்குப் பழுதுபார்க்கும் பணத்தை நிறுத்தினால் கட்டடம் பழசாகும். பழசானால் குழுக்கள் பக்கத்து மாநில முகாமுக்கோ, நியூ மெக்சிகோவில் இருக்கும் பில்மான்ட் மாதிரிப் பெரிய தேசிய முகாமுக்கோ போய்விடும். விற்கப் போகிறார்கள் என்ற வதந்தி கிளம்பினால் அடுத்த கோடைக்கு யாரும் முன்பதிவு செய்ய மாட்டார்கள். ஐந்து வருடம் கழித்து ஒரு ஆலோசகர் வந்து, இந்த முகாமைப் பயன்படுத்துவோர் எண்ணிக்கை பாதியாகிவிட்டது என்று அறிக்கை தருவார். எண் சரியான எண்தான். அந்த எண்ணை உண்டாக்கியது யார் என்பது அறிக்கையில் இருக்காது. ‘வேறு வழியே இல்லை’ என்ற வாக்கியத்தை நான் சந்தேகத்தோடு கேட்பது இதனால்தான்.

பில்மான்ட் பற்றி ஒரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். எண்ணெய்த் தொழிலதிபர் வெய்ட் பிலிப்ஸ் 1938இலும் 1941இலும் இரண்டு தவணையாக ஒன்றேகால் லட்சம் ஏக்கருக்கும் மேல் சாரணர்களுக்குக் கொடுத்தார். இரண்டாவது தவணையோடு டல்சா நகரத்தில் தனக்கிருந்த பில்டவர் என்ற அலுவலகக் கட்டடத்தையும் சேர்த்துக் கொடுத்தார். அதன் வாடகையில் முகாமைப் பராமரிக்கட்டும் என்பது எண்ணம். நிலத்தைக் கொடுத்தால் மட்டும் போதாது, அதற்குச் சோறு போடவும் வழி செய்ய வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. மற்ற முகாம்களுக்கு நிலம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் நிலத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். பில்டவரைப் பின்னாளில் சாரணர் அமைப்பே விற்றுவிட்டது. 2019இல் பில்மான்ட் நிலமும் ஒரு வங்கியிடம் அடமானத்துக்குப் போனது.

திவால் வழக்கு

பில்மான்டை அடமானம் வைத்ததற்கு அடுத்த ஆண்டு, 2020 பிப்ரவரி 18 அன்று, தேசிய அமைப்பு டெலவேர் மாநிலத்தில் திவால் மனு கொடுத்தது. காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. பல பத்தாண்டுகளாகச் சாரணர் குழுக்களில் சிறுவர்கள் பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருந்தார்கள். மாநிலங்கள் பழைய குற்றங்களுக்கும் வழக்குப் போட வாய்ப்புத் தந்து சட்டங்களைத் திருத்தின. நீதிமன்றம் குறித்த கெடுவுக்குள் 82,000க்கும் மேற்பட்டோர் இழப்பீடு கேட்டு மனுச் செய்தார்கள். 2022இல் ஒப்புதல் பெற்று 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திட்டத்தில் இழப்பீட்டு நிதியின் அளவு 246 கோடி டாலர். பெரும்பகுதி காப்பீட்டு நிறுவனங்கள் தருவது.

வட்டாரக் கவுன்சில்கள் திவால் மனு கொடுக்கவில்லை. ஆனால் அவற்றின் மீதும் தனித்தனியாக வழக்குகள் வந்துகொண்டிருந்தன. அந்த வழக்குகளிலிருந்து விடுபடுவதற்கு விலையாக, எல்லாக் கவுன்சில்களும் சேர்ந்து ரொக்கமும் சொத்துமாகக் குறைந்தது 51.5 கோடி டாலர் தர ஒத்துக்கொண்டன. அதற்கு மேல் காலப்போக்கில் கட்டவேண்டிய கடன்பத்திரம் ஒன்றும் உண்டு. ஒவ்வொரு கவுன்சிலுக்கும் ஒரு பங்கு. வங்கியில் பணம் வைத்திருந்தவை அதிலிருந்து கொடுத்தன. பணம் இல்லாத கவுன்சிலுக்கு, விற்கக்கூடியதாக இருந்த ஒரே சொத்து முகாம்.

இந்த இழப்பீடு நியாயமானது. அதைக் கொடுக்க நிலம் விற்கவேண்டியிருந்தால் விற்கத்தான் வேண்டும். கொடுமைக்கு ஆளானவரின் உரிமையையும் ஓர் ஏரிக்கரையின் அழகையும் எதிரெதிரே நிறுத்திப் பேசுவது எனக்குக் கூசுகிறது. ஆனால் 2020க்குப் பிறகு நடந்த ஒவ்வொரு விற்பனைக்கும் இந்த வழக்கையே காரணம் காட்டுகிறார்களே, அங்கேதான் எனக்குக் கேள்வி. ஏனென்றால் விற்பனை 2020இல் தொடங்கவில்லை. 2009இலேயே ஹெர்ஸ்ட் நாளிதழ்க் குழுமத்தின் நிருபர்கள் முந்தைய இருபது ஆண்டுகளின் ஆவணங்களைத் தோண்டி, சாரணர் கவுன்சில்கள் தங்கள் காடுகளை மரத்துக்காக வெட்டியதையும் டெவலப்பர்களுக்கும் மர நிறுவனங்களுக்கும் விற்றதையும் டஜன் கணக்கில் எழுதினார்கள். பெண் சாரணர் அமைப்பு இந்தத் திவால் வழக்கில் இல்லவே இல்லை. அவர்களும் விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். திவால் வழக்கு வண்டியை வேகப்படுத்தியது. வண்டி அதற்கு முன்பே கிளம்பிவிட்டது.

ஒவாசிப்பி: ஊராட்சி சொன்ன ‘முடியாது’

மிச்சிகன் மாநிலத்தின் மேற்குக் கரையில், ஒயிட்ஹால் ஊருக்குப் பக்கத்தில் ஒவாசிப்பி முகாம் இருக்கிறது. சிகாகோ சாரணர்கள் 1911இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் பையன்கள் சிகாகோவிலிருந்து கப்பலேறி மிச்சிகன் ஏரியைக் கடந்து அங்கே போவார்கள். ஒரு காலத்தில் பத்தாயிரம் ஏக்கருக்கும் மேல் இருந்து, விற்று விற்றுச் சுருங்கி, 2000களில் சுமார் 4,700 ஏக்கராக நின்றது. அமெரிக்க அரசு 1992இல் அழியும் ஆபத்திலுள்ள உயிரினமாக அறிவித்த கார்னர் புளூ என்ற சின்ன நீலப் பட்டாம்பூச்சி வாழும் இடங்களில் இதுவும் ஒன்று. அதன் புழு காட்டு லூபின் என்ற ஒரே செடியின் இலையைத்தான் தின்னும். அந்தச் செடிக்கோ வெயில் விழும் மணற்பாங்கான திறந்த காடு வேண்டும். பாதிக் காட்டில் வீடு கட்டிவிட்டு மீதியில் பட்டாம்பூச்சி இருக்கட்டும் என்பது அங்கே எளிதில் நடக்காது.

2005இல் சிகாகோ கவுன்சில் அந்த முழு இடத்தையும் 1.94 கோடி டாலருக்கு ஒரு டெவலப்பருக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: நிலத்தின் மண்டல வகைப்பாடு மாற வேண்டும். அந்த நிலம் காடு, பொழுதுபோக்கு, முகாம் போன்ற நிறுவனப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டும்படி அதை மாற்றித் தரச் சொல்லி, புளூ லேக் டவுன்ஷிப்பிடம், அதாவது நம் ஊராட்சி போன்ற அமைப்பிடம், மனுப் போட்டார்கள். மக்கள்தொகை சில ஆயிரத்தைத் தாண்டாத ஊர் அது. முடியாது என்று சொல்லிவிட்டது.

கவுன்சில் ஊராட்சி மீது வழக்குப் போட்டது. எங்கள் நிலத்தைப் பயனில்லாமல் முடக்குகிறீர்கள், வேண்டுமென்றே எங்கள் ஒருவரைக் குறிவைத்த விதி இது என்பது வாதம். ஊராட்சியின் பதில் எளிமையானது. நூறு ஆண்டுகளாக முகாமாக ஓடுகிறது, இப்போதும் ஓடலாம். பயனில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? 2008இல் நீதிமன்றம் ஊராட்சியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீட்டிலும் அது மாறவில்லை. விற்பனை ஒப்பந்தம் கலைந்துபோனது.

இந்த வழக்கை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டெவலப்பர் தருவதாகச் சொல்லும் பெரிய விலை இன்றைய நிலத்துக்கான விலை அல்ல, நாளைக்குக் கிடைக்கப்போகும் அனுமதிக்கான விலை. அனுமதி கிடைக்காது என்று உறுதியானால் அந்த விலை ஆவியாகிவிடும். அந்த உறுதியைத் தரக்கூடியது ஊராட்சி ஒன்றுதான். அதிலும், விற்பனை அறிவிப்பு வந்தபிறகு அவசரமாகப் போட்ட விதி என்றால் நீதிமன்றத்தில் அடிபடும் ஆபத்து அதிகம். புளூ லேக்கின் விதியில் முகாம்களுக்கென்றே ஒரு வகைப்பாடு இருந்தது, அங்கே முகாம்கள்தான் நடந்துகொண்டும் இருந்தன. ஊராட்சியின் பலம் அதில்தான்.

ஆனால் மண்டல விதி நிரந்தரம் இல்லை. அடுத்த தேர்தலில் வேறு ஆட்கள் வந்தால் மாற்றலாம். ஊராட்சிக்கு வரி வருமானம் வேண்டும் என்ற ஆசை வந்தாலும் மாற்றலாம். தொண்டு நிறுவனத்தின் முகாம் நிலம் பெரும்பாலும் சொத்துவரி விலக்கில் இருப்பது. அதே இடத்தில் நூறு வீடு வந்தால் நூறு வீட்டு வரி. பள்ளிக்கூடத்துக்கும் தீயணைப்புக்கும் ஆகும் செலவைக் கழித்துப் பார்க்காதவர்களுக்கு அது வருமானமாகத்தான் தெரியும்.

ஊரே வாங்குவது

ஓஹாயோவின் வடகிழக்கில் பெண் சாரணர் கவுன்சில் 2011இல், கையில் இருந்த ஏழு முகாம்களில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடுவதென்று அறிவித்தது. தன்னார்வலர்கள் வழக்குப் போட்டார்கள். உறுப்பினர்களின் பிரதிநிதிகள் கூடி வேண்டாம் என்று சொன்னால் நிர்வாகக் குழு கேட்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. சொத்து விஷயத்தில் முடிவு நிர்வாகக் குழுவினுடையது என்று சொல்லி நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

மூடிய முகாம்களில் ரிச்ஃபீல்டு ஊரின் குரோவெல் ஹிலாகா ஒன்று. 336 ஏக்கர். சாரணப் பெண்களுக்கு முன்னால் அது ஜேம்ஸ் கிர்பி என்பவரின் எஸ்டேட். கிர்பி வாக்யூம் கிளீனர் என்று பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள், அவரேதான். தனக்கு வேண்டிய மின்சாரத்துக்கு ஓடையை மறித்துச் சக்கரம் வைத்து ஆலை ஒன்று கட்டியிருந்தார். வழக்கு தோற்றபிறகு ஊர்க்காரர்கள் வேறு பக்கம் திரும்பினார்கள். ரிச்ஃபீல்டு கிராமமும் அதே பெயருள்ள டவுன்ஷிப்பும் சேர்ந்து ஒரு பொழுதுபோக்கு மாவட்டத்தை அமைத்தன. எங்கள் வரியில் இதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று வாக்காளர்கள் ஓட்டுப் போட்டார்கள். 2014இல் 70 லட்சம் டாலருக்கு முகாம் கைமாறியது. இன்று அது பொதுப் பூங்கா.

தாங்களோ தங்கள் பாட்டியோ பிஸ்கட் விற்றுச் சேர்த்த பணத்தில் வளர்ந்த முகாமை, அதே ஊர்க்காரர்கள் வரி கட்டி இன்னொரு முறை வாங்கியிருக்கிறார்கள். இதில் கோபப்பட நியாயம் இருக்கிறது. ஆனாலும் முழுமையாக வேலை செய்த தீர்வு இது. வாக்காளர்கள் வசதியானவர்களாக இருந்தது உதவியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஏழைக் கவுண்டியில், அதாவது நம் மாவட்டம் போன்ற பகுதியில், இருக்கும் முகாமுக்கு இந்த வழி திறப்பதில்லை.

கட்டும் உரிமையை மட்டும் விற்பது

விற்காமலே பணம் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நிலத்தின் மீதுள்ள உரிமைகளில் வீடு கட்டும் உரிமையை மட்டும் பிரித்தெடுத்து, அதை அரசுக்கோ ஒரு பாதுகாப்பு அறக்கட்டளைக்கோ நிரந்தரமாக விற்றுவிடலாம். நிலம் கவுன்சிலிடமே இருக்கும், முகாம் நடக்கும், ஆனால் இனி யாரும் அங்கே மனை போட முடியாது. நாளைக்கே வேறொருவருக்கு விற்றாலும் தடை நிலத்தோடு போகும். நியூயார்க் நகரத்துக்குள்ளேயே, ஸ்டேட்டன் தீவில், 143 ஏக்கர் பரப்புள்ள பவுச் முகாம் இப்படித்தான் தப்பியது. நியூயார்க் கவுன்சில் பண நெருக்கடியில் அதை விற்கும் பேச்சை எடுத்தது. டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட் நடுவில் நின்று, மாநில அரசின் பணத்தைக் கொண்டு கட்டும் உரிமையைப் பகுதி பகுதியாக வாங்கி 2013இல் வேலையை முடித்தது. அத்தனை நெருக்கமான நகரத்தில் பிள்ளைகள் கூடாரம் போட்டுத் தூங்க இன்றும் ஓரிடம் இருக்கிறது.

இது ஏன் எல்லா இடத்திலும் நடப்பதில்லை? ஒரு காரணம் வரிச் சட்டம். தனியார் நிலக்காரர் இந்த உரிமையைத் தானமாகக் கொடுத்தால் வருமான வரியில் பெரிய கழிவு கிடைக்கும். அந்த ஆசையில் கொடுப்பவர்கள் ஏராளம். சாரணர் கவுன்சில் வருமான வரியே கட்டாத அமைப்பு. அதற்கு அந்தக் கழிவால் ஒரு பைசா லாபம் இல்லை. கையில் ரொக்கம் வேண்டும். ரொக்கம் கொடுக்கப் பெரும்பாலும் அரசுப் பணம் வேண்டும். அரசுப் பணமோ மதிப்பீட்டாளர் எழுதிய சந்தை மதிப்புக்கு மேல் ஒரு டாலர் கொடுக்காது. போட்டிக்கு நிற்கும் ரியல் எஸ்டேட்காரருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வாங்கும் வேகத்திலும் வித்தியாசம். கடலோர எண்ணெய்க் கிணறுகளின் வருமானத்திலிருந்து வரும் நிலம், நீர்ப் பாதுகாப்பு நிதி என்ற கூட்டாட்சி நிதிக்கு 2020 சட்டப்படி ஆண்டுக்கு 90 கோடி டாலர் நிரந்தரமாக உண்டு. ஆனால் மனுப் போட்டு, வரிசையில் நின்று, பணம் கைக்கு வர ஓரிரண்டு ஆண்டுகளாவது ஆகும். இந்தக் காலாண்டுக்குள் பணம் கட்ட வேண்டிய கவுன்சில் அதுவரை பொறுக்காது. இடையில் வாங்கி வைத்துக்கொண்டு அரசுப் பணம் வந்தபின் கைமாற்றிக் கொடுக்கும் வேலையை டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட் போன்றவை செய்கின்றன. அவற்றிடம் இருக்கும் சுழல்நிதிக்கும் ஓர் எல்லை உண்டு.

அப்புறம் பத்திரம். நிலம் கொடுத்தவர் ‘சாரணர்களுக்குப் பயன்படாமல் போனால் இந்த நிலம் என் வாரிசுகளுக்குத் திரும்ப வேண்டும்’ என்றோ, வேறொரு தொண்டுக்குப் போக வேண்டும் என்றோ எழுதியிருந்தால் கவுன்சிலின் கை கட்டப்பட்டுவிடும். வாஷிங்டன் மாநிலத்தின் ஃபெடரல் வே ஊரில் கடலைப் பார்த்த கில்வொர்த் முகாமில், நிலம் கொடுத்த குடும்பத்தின் நிபந்தனைதான் மனைக்காரர்களைத் தூர நிறுத்தியது. இன்று அந்த இடம் ஒய்எம்சிஏவின் கையில் பிள்ளைகள் முகாமாகவே தொடர்கிறது. ஆனால் இப்படி எழுதிக் கொடுத்தவர்கள் குறைவு. பலர் நம்பிக்கையில் வாய்ச்சொல்லாக விட்டுவிட்டார்கள். சிலர் கடிதத்தில் எழுதினார்கள், பத்திரத்தில் எழுதவில்லை. கடிதத்தில் இருப்பது ஆசை, பத்திரத்தில் இருப்பது நிபந்தனை என்றுதான் நீதிமன்றங்கள் பொதுவாகப் பிரித்துப் பார்க்கும். நிபந்தனை இருந்தாலும், காலம் மாறிவிட்டது, இதை நிறைவேற்ற வழியில்லை என்று நீதிமன்றத்தில் வாதாடி அதைத் தளர்த்தக் கேட்கலாம். அப்படிப்பட்ட வழக்கில் தானம் கொடுத்தவரின் சார்பாக, பொதுமக்களின் சார்பாக வாதாடவேண்டியவர் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல். அவர் அலுவலகத்தில் தொண்டு நிறுவனங்களைக் கவனிக்கும் பிரிவு பல மாநிலங்களில் மிகச் சிறியது.

அமெரிக்காவுக்கு மட்டுமே உரிய நோயும் இல்லை இது. பிரிட்டனின் பெண் சாரணர் அமைப்பான கேர்ள்கைடிங் 2023 மே மாதம் தன்னிடமிருந்த ஐந்து பயிற்சி மையங்களையும் விற்பதாக அறிவித்தது. அதில் ஒன்று நியூ ஃபாரஸ்ட் பகுதியில் இருக்கும் ஃபாக்ஸ்லீஸ். இளவரசி மேரியின் திருமணத்தையொட்டி 1922இல் ஓர் அமெரிக்கப் பெண்மணி பெண் சாரணர்களுக்குக் கொடுத்த வீடும் தோட்டமும் அது. அங்கே சிறுவர் கொடுமை இழப்பீட்டு வழக்கு எதுவும் காரணமில்லை. பராமரிப்புச் செலவு, உறுப்பினர்களில் சிறு பகுதியினரே வருகிறார்கள் என்ற பழைய கணக்குதான்.

உங்கள் பிள்ளை போகும் முகாம் விற்பனைக்கு வருமா என்று தெரிந்துகொள்ள அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் பத்திரம் கவுண்டி அலுவலகத்தில் யார் கேட்டாலும் கிடைக்கும். மண்டல வரைபடம் ஊராட்சியின் இணையதளத்திலேயே பெரும்பாலும் இருக்கும். கவுன்சில் ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்குக் கொடுக்கும் படிவம் 990 பொது ஆவணம். அதில் நிலம், கட்டடத்தின் கணக்குமதிப்பு, கடன், நிர்வாகக் குழுவின் பெயர்கள் எல்லாம் இருக்கும். தொடர்ந்து மூன்று நான்கு ஆண்டுப் படிவங்களை அடுக்கிப் பார்த்து, கடன் ஏறிக்கொண்டும் கட்டடச் செலவு இறங்கிக்கொண்டும் போனால், கட்டும் உரிமையை விற்கும் பேச்சை அப்போதே தொடங்கச் சொல்லலாம். பணம் கட்டும் நெருக்கடி வராத கவுன்சிலுக்கு, அரசுப் பணம் வரும்வரை ஓரிரண்டு ஆண்டு காத்திருப்பது பெரிய விஷயமில்லை.